ஒரு மனையும் பல பெயரும்

மொழி பயில்வார்க்குப் பெயர் எளிய பொருளன்று. பெயரறிந்து விளித்தலே மரியாதையின் முதற்படி என்பதை யாவரும் ஒப்புவர். ஒரே சர்வரில் பல டொமைன் பெயர்களுக்கு இடமளிக்கும் தொழிலைப்பற்றி யாம் ஈண்டு எழுதத் துணிந்ததும் அதுபற்றியேயாம். தமிழ் ஆனர்ஸ் பயில்வார்க்கு இயந்திர வேலை எதற்கு என நகுவாரும் உளர். நகுக. இஃது இயந்திரத்தின் வேலை மட்டுமன்று, நெறியின் வேலையுமாம் என்பதை யாம் பட்டறிந்தோம்.

எம் தமிழ்ச் சங்கமும் வேறிரு சங்கங்களும் செலவுச் சுருக்கங் கருதி ஒரு சர்வரை வாடகைக்குக் கொண்டு, மூன்று பெயர்களையும் அதிலேயே நிறுவின. ஒருநாள் முதிய அன்பர் ஒருவர் எம் சங்கத்தின் பக்கத்தை நாடினார். சான்றிதழ் வேறொருவர்க்குரியது என உலாவி அவரை எச்சரித்தது. அதனையும் கடந்து சென்றவர் கண்டது விளையாட்டுச் சங்கத்தின் பந்தயப் பட்டியலே. "உங்கள் சங்கம் கலைந்துவிட்டதோ?" என்று அவர் வருந்தி வினவியபோது யாம் நாணினோம்.

நிகழ்ந்தது யாதெனின், 80 என்னும் வாயிலுக்கு எம் பெயரை எழுதிய யாம், பூட்டிய வழியாகிய 443 என்னும் வாயிலுக்கு எழுத மறந்தோம். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்னும் இரண்டிலும், கேட்ட பெயர் எவ்வமைப்பிலும் இல்லையாயின், வேறு கட்டளை இல்லாதவிடத்து, அவ்வாயிலுக்கு முதலில் எழுதப்பட்ட அமைப்பே விடையிறுக்கும். கோப்புகள் அகரவரிசையிற் படிக்கப்படுமாயின், கோப்புப் பெயரின் முதலெழுத்தே ஊழாய் நின்றுவிடும். பார்வை மங்கிய ஈசாக்கு, ஏசாவுக்குரிய ஆசியை யாக்கோபுக்கு அளித்தான். ஆண்டு இருந்தது வஞ்சகம்; ஈண்டு இருந்தது எம் மறதியே. ஆயினும் இழந்தவர்க்கு இரண்டும் ஒன்றே.

இப்பெயரறி முறை எளிதில் வந்ததன்று. 1996-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 விதிப்படி, உலாவி தான் நாடிய பெயரைச் சர்வருக்குக் கூறவேண்டுவதில்லை. ஆதலின் பெயர்தோறும் தனி ஐ.பி. முகவரி வேண்டியிருந்தது. அக்காலத்து முகவரிகளோ மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே. 1997-இல் வந்த 1.1 விதி, நாடிய பெயரை 'ஹோஸ்ட்' என்னும் வரியிற் கூறியே தீரவேண்டும் எனக் கட்டளையிட்டது. அதனால் ஒரு முகவரியில் நூறு பெயர்கள் வாழலாயின. பொதுக் களஞ்சியத்திலிருந்த முகவரிகளின் இறுதித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிற் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன என்பதை நோக்கின், அவ்வொரு வரியின் அருமை விளங்கும். பூட்டிய வழியில் மட்டும் ஓர் இடர் எஞ்சிற்று: பெயரைக் கேட்குமுன்னரே சர்வர் தன் சான்றிதழைக் காட்டவேண்டும். 2003-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.ஐ. என்னும் முறை, பூட்டுதற்கு முன்னரே பெயரைக் கூறச்செய்து அவ்விடரை நீக்கிற்று.

இவ்வளவும் முயன்று பெற்ற வசதியை யாம் கவனமின்றிக் கையாளலாமோ? இத்தொல்லை எதற்கு, சமூகத்தளம் ஒன்றில் ஒரு பக்கம் போதாதோ என்பாரும் உளர். போதாது என்பதே எம் கருத்து. ஆண்டு நம் பெயர் பிறர் கூரையின்கீழ் வாழ்கின்றது. கூரைக்குடையோர் நீங்குக எனின் நீங்கவேண்டும். சொந்த டொமைன் பெயரோ அத்தகையதன்று. இன்று இச்சர்வர் பழுதுபடினும், நாளை வேறொன்றின் முகவரியைச் சுட்டி எழுதிவிடலாம். நாடி வருவோர் பழைய பெயரையே சொல்லி வருவர். தனித்தனிச் சர்வர் கொள்வது சிறு சங்கங்களின் கைக்கு எட்டாது. ஆதலின் கூடிவாழ்தலே தக்கது.

ஆனால் கூடிவாழ்தற்கு ஒழுங்கு வேண்டும். முதலாவது, முதலமைப்பை எச்சங்கத்துக்கும் அளியாது, அறியாப் பெயருக்கு 'அப்பெயரினர் இங்கில்லை' என விடைகூறுதற்கென்றே ஒதுக்குக. பொய்ம்முகங் காட்டுவதினும் இல்லையென்பது நேர்மை. இரண்டாவது, ஒவ்வொரு பெயரையும் இரு வாயிலுக்கும், முன்னொட்டுடனும் அஃதின்றியும் எழுதுக. மூன்றாவது, சங்கந்தோறும் தனிக் கோப்புறையும், தனிப் பயனர் உரிமையும், தனிப் பதிவேடும் வைக்க. ஒருவர் அறையிற் புகுந்த கள்வன் மற்றையோர் அறையிலும் புகலாகாது. நான்காவது, அமைப்பை மாற்றியபின் பிழைசோதனை செய்தன்றி இயக்கற்க. ஒரு அரைப்புள்ளி தவறின், சர்வர் மீண்டும் எழாது மூவர் மனையும் ஒருங்கே அடைபடும்.

இவற்றை யாம் செய்து முடித்து அம்முதியவர்க்கு அறிவித்தோம். அவர் மீண்டும் நாடினார். எம் பெயரே அவரை எதிர்கொண்டது. பிறர் பெயரைத் தம் பொறுப்பில் ஏற்றோர் அதனைப் பிழையாது காத்தல் கடன் என்று கூறி அமைகின்றோம்.