போக விடுவது யார்?



தோட்டத்துப் பழங்கதைகளில் ‘துண்டு’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கே யுத்தத்தையும் சுமந்த சகோதரிகளுக்கும் இந்தச் சொல் புதிதாக இராது.

ஒரு தொழிலாளி தோட்டம் மாறுவதென்றால் துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதமே துண்டு. இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று அதில் இருக்கும். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துத் துரையிடம் போவார். அவர் பணத்தைக் கட்டுவார். அந்தப் பணம் திரும்பவும் அதே ஆட்களின் பேரில் கடனாக ஏறும். தோட்டம் மாறியது, கடன் மாறவில்லை. துரைமார் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. கொழுந்து பறித்த பெண்ணை யாரும் கேட்கவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம்தான் துண்டை ஒழித்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஹாலி-எலப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி பதுளை நகரில் பேர்போன சாப்பாட்டுக் கடையொன்றில் இரண்டு வருடம் வேலை செய்தாள். தகப்பன் இல்லை, தாய்க்குச் சுகமில்லை. பண்டாரவளையில் அதே பெயரில் இன்னொரு கடை. அங்கே சம்பளம் கூட. போய்க் கேட்டாள். “உங்க முதலாளி விட்டாத்தான் எடுக்கலாம்” என்றார்கள்.

“அக்கா, நான் அப்படி எதிலயும் கையெழுத்து வைக்கலியே” என்று என்னிடம் வந்தாள். நியமனக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், அதில் ஒன்றுமில்லை.

இரண்டு கடைக்கும் பெயர் ஒன்று, முதலாளி வேறு. பெரிய கம்பனியின் பெயரையும் முறையையும் பணம் கட்டி வாங்கி நடத்துவதைப் பிரான்சைஸ் என்கிறார்கள். கம்பனியும் முதலாளியும் செய்யும் அந்த ஒப்பந்தத்தில், ஒருவர் கடை ஆளை மற்றவர் எடுக்கக்கூடாது, ஆசைகாட்டி அழைக்கவும் கூடாது என்று ஒரு பந்தி இருப்பதுண்டு. வேலை செய்பவர் அதைக் கண்ணாலும் காண்பதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்குள்ள பெரிய பிரான்சைஸ் கம்பனிகளில் நூற்றுக்கு 58இன் ஒப்பந்தங்களில் இப்படி நிபந்தனை இருந்ததாக இரு பொருளியல் அறிஞர்கள் 2017இல் எழுதினார்கள். அதே வருடம் புளோரிடாவில் மக்டொனால்ட்ஸ் கடையொன்றில் வேலை செய்த பெண் வழக்குப் போட்டார். பக்கத்துக் கடையில் கூடிய சம்பளத்துக்குப் போகக் கேட்டபோது, பழைய முதலாளி விடுவிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். துண்டு கடல் கடந்து போய்விட்டது போலும்! அந்தக் கம்பனி 2017இலேயே நிபந்தனையைப் புதிய ஒப்பந்தங்களிலிருந்து எடுத்தது. 2018இல் வாஷிங்டன் மாநிலச் சட்டமா அதிபர் நெருக்கியதும் ஏழு கம்பனிகள் அதை இனி நடைமுறைப்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டன.

ஆள் பழக்கச் செலவாகிறது, பக்கத்துக் கடைக்காரர் சும்மா தூக்கிக்கொண்டு போனால் நட்டம் என்று முதலாளிமார் சொல்வார்கள். நட்டம் இருக்கலாம். அப்படியானால் சம்பளத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளட்டுமே. வாசலைப் பூட்டினால் சம்பளம் கூட்ட வேண்டிய தேவையே வராது, விஷயம் அதுதான்.

உங்களுக்கு இப்படி நடந்தால், எடுக்க முடியாத காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். திகதியையும் சொன்னவர் பெயரையும் குறித்து வையுங்கள். பயிற்சிக் காசு கட்டிவிட்டுப் போ என்றால் உங்கள் கையெழுத்து எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ் மூலப்பிரதிகளை எவரிடமும் விட்டு வைக்காதீர்கள். பிறகு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அந்தப் பிள்ளையும் நானும் பதுளை அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

வேலையை விட்டாலும் சேமலாப நிதி உங்களுடையதே: உங்கள் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. அதைத் தடுக்க முதலாளியால் முடியாது. உங்கள் அங்கத்துவ இலக்கத்தை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.