கையில் வாட்ச் கட்டினால் மூச்சு வந்துவிடுமா?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்களைக் கவனித்துப் பாருங்கள். அம்மாவும் அத்தையும் உள்ளே சரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பையன் கடை வாசலில் நிற்பான். ஆறு பாக்கெட் வைத்த கார்கோ பேண்ட். காலில் கட்டட வேலைக்குப் போடுகிற மாதிரி தடித்த பூட்ஸ். கையில் ஸ்மார்ட் வாட்ச். அது அவன் நடந்த அடிகளை எண்ணும், நாடித் துடிப்பைச் சொல்லும். வேலைக்காக உண்டான உடுப்பும் கருவியும் இன்று ஃபேஷன் ஆகிவிட்டன. எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஐயம்பேட்டையில் இருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற எங்கள் சேரிப் பையன்களும் அதே பேண்ட்டைத்தான் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் கேள்வி வேறு. அந்தக் கடை வாசலைப் பெருக்குகிற அக்காவைப் போன்றவர்கள் கையிலும் வாட்ச் கட்ட வேண்டும் என்று இந்த நாட்டின் சில மாநகராட்சிகளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவர்கள் வாங்கியது எந்த வாட்சை?

நாக்பூர், பஞ்சகுலா, சண்டிகர் ஆகிய ஊர்களில் துப்புரவுத் தொழிலாளர் கையில் கட்டப்பட்டது ஜி.பி.எஸ். வாட்ச். தொழிலாளி எந்தத் தெருவில் நிற்கிறார், குறித்த எல்லையைத் தாண்டினாரா, எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தார் என்று எங்கோ ஓர் அறையில் உள்ள திரையில் தெரியும். அதை வைத்துச் சம்பளம் பிடிப்பார்கள். 2020இல் சண்டிகர் தொழிலாளர்கள் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். சார்ஜ் போடுவதற்காக வாட்சை வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். உள்ளே கேமராவோ மைக்கோ இருக்குமோ என்று பயந்து கழிப்பறைக்குப் போகவே கூசினார்கள் பெண்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகச் சொல்லி மூன்றே வருடம் ஆகியிருந்தது. குப்பை அள்ளுகிறவருக்கு அந்தரங்கம் உண்டு என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது.

காந்தி சாலைப் பையன் தன் வாட்சைப் பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கலாம். அது எண்ணுகிற கணக்கும் அவனுக்குத்தான். துப்புரவு அக்கா கழற்றினால் அன்றைய கூலி போகும். கணக்கு மேஸ்திரிக்குப் போகும்.

உடம்பில் எதை அணியலாம், எதை அணியக் கூடாது என்று எங்களுக்கு மற்றவர்கள் தீர்மானிப்பது புதிதல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. இவற்றைப் பலரும் மேடையில் பேசிவிட்டார்கள். நாங்கள் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தப் பட்டியலின் கடைசித் தடையை: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது. குடையும் செருப்பும் அலங்காரமா? உடம்பைக் காக்கிற பொருள்கள். காக்கப்பட வேண்டிய உடம்பு இது இல்லை என்பதுதான் அந்தத் தடையின் பொருள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

இன்று சட்டம் நேர் எதிராகப் பேசுகிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ வேலை செய்பவருக்குக் கொடுக்க வேண்டிய பொருள்களாக அதன் விதிகள் 44 பொருள்களை வரிசையாகச் சொல்கின்றன. ஹெல்மெட், தலைவிளக்கு, கம்பூட்ஸ், கையுறை, உடம்பு முழுக்க மூடும் உடை, கயிறு பிணைக்கும் பெல்ட், காற்றுக் குழாய் வைத்த முகமூடி, நான்கு வாயுக்களை அளக்கும் கேஸ் மானிட்டர். அணியும் தொழில்நுட்பம் என்று இப்போது பெருமையாகப் பேசுகிறார்களே, அதில் பாதி இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

அந்த கேஸ் மானிட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலக்குழிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆள் உஷாராகிவிடலாம். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. 'நாத்தம் இல்ல, எறங்கலாம்' என்று நினைத்து இறங்குகிறவர் இன்னும் ஆழத்தில் சில மூச்சில் சுருண்டு விழுவார். தூக்கப் போகும் தம்பியும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான். மூக்கு கைவிடுகிற இடத்தில் அலறிக் காப்பாற்றுவது சட்டைப் பையில் மாட்டுகிற அந்தச் சின்னக் கருவி. விலை சில பத்தாயிரம் ரூபாய்.

அது எங்கே இருக்கிறது? மலக்குழி மரணங்களைப் பற்றிய சமூகத் தணிக்கையின் விவரங்கள் 2025இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. ஆராயப்பட்ட 54 மரணங்களில் 49 பேர் எந்தப் பாதுகாப்புப் பொருளும் இல்லாமல் இறந்திருக்கிறார்கள். செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தக் குடும்பங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஆளைப் பின்தொடரும் வாட்சுக்கு உடனே டெண்டர் போடத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, ஆளை உயிரோடு மேலே கொண்டுவரும் கருவி வாங்க மட்டும் நிதி இல்லாமல் போவது எப்படி? இரண்டும் சென்சார்தான். முதல் சென்சார் யாருக்குப் பயன்படுகிறது என்பதில் சாதி இருக்கிறது.

உடனே ஒரு பதில் வரும்: 'குடுத்தாலும் அவங்க போட மாட்டாங்க சார்.' படித்தவர்கள் வாயிலிருந்துதான் இதை அதிகம் கேட்கிறோம். ஐயம்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் தூய்மைப் பணி செய்யும் பெண்களிடம் உட்கார்ந்து பேசினோம். எந்த ஊர், எந்தக் காண்ட்ராக்டர் என்று எழுதினால் நாளைக்கு அவர்களுக்கு வேலை இருக்காது. ஓர் அக்கா சொன்னார்: "கையொற ஆம்பள கைக்குத் தெச்சது கண்ணு. வெளக்கமாத்தப் புடிச்சா நழுவுது." பூட்ஸ் எல்லோருக்கும் ஒரே அளவு. சேலைக்கு மேல் போடும் கோட்டு காற்றுப் புகாத பாலியஸ்டர். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் குனிந்து பாருங்கள், அப்புறம் 'போட மாட்டாங்க' என்று சொல்லுங்கள். கிழிந்த கையுறைக்கு மாற்றுக் கேட்டால் அடுத்த வருடம் என்கிறார்கள். கிட் கொடுக்கும் விழாவில் எடுத்த போட்டோ மட்டும் நன்றாக இருந்தது.

இதை நாங்கள் ஐயம்பேட்டையில் உட்கார்ந்து எழுதுவதில் ஒரு கசப்பு உண்டு. வாலாஜாபாத் பக்கம் இருக்கிற நெசவு ஊர் இது. எந்த நூல் வியர்வையை இழுக்கும், எது உடம்பை அறுக்கும், எந்த நெருக்கத்தில் நெய்தால் காற்றுப் புகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் நான்கு தெரு தள்ளி இருக்கிறார்கள். வேலை குறைந்து தறியை விட்டுக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். இந்த மாநில அரசு 1983இலிருந்து பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை கொடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியையும் கூட்டுறவுச் சங்கங்கள் மூலமாகவே நெய்து வாங்குகிறது. லட்சக்கணக்கான பேருக்கு அளவெடுத்து உடுத்தத் தெரிந்த அரசுதான் இது. தூய்மைப் பணியாளருக்குப் பருத்தியில் ஒரு நல்ல வேலை உடுப்பு, பெண்கள் கைக்கு ஏற்ற உறை, அவர்களையே கூப்பிட்டு அளவு கேட்டுத் தைப்பதற்கு என்ன தடை? தறித் தெருவும் சேரியும் இந்த ஒரு வேலைக்காவது ஒரே மேசையில் உட்காரட்டும்.

ஜி.பி.எஸ். வாட்ச் தமிழ்நாட்டுக்கு வராது என்று யாரும் நம்ப வேண்டாம். ஆன்லைன் வருகைப் பதிவு, முகத்தைப் படம் பிடித்து அட்டெண்டன்ஸ் என்று படிப்படியாகத்தான் வரும். வரும்போது சங்கங்கள் கேட்க வேண்டியவை: கட்டாயம் கூடாது, கழற்றினால் கூலி பிடிக்கக் கூடாது, சேரும் தகவல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் கேஸ் மானிட்டர் வர வேண்டும்.

வருகிற மே 1 கிராம சபைக்கு அந்த 44 பொருள்களின் பட்டியலைத் தமிழில் அச்சடித்து எடுத்துப் போகிறோம். ஒவ்வொரு பெயராகப் படிப்போம். இருக்கிறதா, இல்லையா, இருந்தால் எந்த அறையில், சாவி யாரிடம் என்று கேட்டு, சொல்லும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்போம். பக்கத்து ஊர்த் தோழர்களுக்கும் பிரதி வேண்டுமென்றால் சொல்லுங்கள்.