குளம் காலியாக இருக்கட்டும்

வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றனர். 2015 பெருவெள்ளமும், 2023-ஆம் ஆண்டின் மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பகுதிகளின் மழைநீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கடலுக்குச் செல்ல வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகிவிட்டது. எனவே, ஓடையை அகலப்படுத்தி வடிகால் கட்டுவதே தீர்வு என்கின்றனர். ஆனால், வடிகால் வெள்ளத்தை அகற்றுவதில்லை, இடம் மாற்றுகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். மேட்டுப் பகுதி பெறும் நன்மைக்குப் பள்ளத்தில் வாழ்பவர் விலை கொடுக்கிறார்.

வெள்ளத்தைத் தற்காலிகமாகத் தேக்கும் குளங்கள் இதற்கு மாற்றாகும். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் கிடைப்பது 10 கோடி லிட்டர் நீர். மூன்று மீட்டர் ஆழத்தில் சுமார் எட்டு ஏக்கர் குளம் இருந்தால் அது முழுவதையும் தாங்கும். மழை ஓய்ந்தபின் மதகு வழியே மெல்ல வெளியேற்றலாம். ஓடையில் உச்ச நீரோட்டம் குறையும்.

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கிளப் நிலத்தை அரசு தன்வசப்படுத்தியபின், மாநகராட்சி அங்கே குளங்களை வெட்டியது. சென்னையின் நில விலையில் இது எளிய முடிவன்று, வரவேற்கத்தக்கது.

எனினும், எனக்கு ஒரு கவலை உண்டு. நிரம்பிய குளத்தைக் கண்டு மகிழ்வது நம் மரபு. 2019-இல் குடிநீருக்காக அலைந்த நகரம், தேங்கிய நீரை வெளியேற்றத் தயங்குவதும் இயல்பே. ஆனால், நிரம்பிய குளம் அடுத்த மழைக்குப் பயன்படாது. 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரி ஏறத்தாழ நிரம்பியிருந்த நேரத்தில் பெருமழை பெய்ததால்தான், அடையாற்றில் பெருமளவு நீரைத் திறந்துவிட நேர்ந்தது. வெள்ளத் தணிப்புக் குளத்தின் சொத்து அதிலுள்ள நீரன்று, காலியிடமே.

ஆகவே, ஒவ்வொரு குளத்திலும் ஒரு கோடு வரையப்பட வேண்டும். அதற்குக் கீழே நிலத்தடி நீருக்கும் பறவைகளுக்கும் நீர் நிற்கட்டும். அதற்கு மேலுள்ள பகுதி ஒவ்வொரு மழைக்கு முன்பும் காலியாக இருக்க வேண்டும். மதகைத் திறக்கும் பொறுப்பு எந்த அதிகாரியிடம் உள்ளது என்பதும், அன்றாட நீர்மட்டமும் மக்களுக்குத் தெரிய வேண்டும். தூர்வாரும் செலவு ஆண்டுதோறும் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக இடம்பெற வேண்டும்.

குளம் வெட்டுவது ஒருமுறைச் செலவு. திறப்பு விழாவும் அதற்குண்டு. பராமரிப்புக்கு விழா கிடையாது. வேளச்சேரியின் பாதுகாப்போ விழா இல்லாத அந்தச் செலவில்தான் இருக்கிறது.