ராஜபார்ட்டின் உள்பை

வாரக் கடைசி இரண்டு நாள்களைக் கம்பம் பள்ளத்தாக்கில் கழிப்பதென்று நாங்கள் நால்வர் புறப்பட்டபோது மனத்தில் இருந்தவை இரண்டுதான். ஒன்று சுருளி அருவி. மற்றது சின்னமனூர். பாண்டியர் வரலாற்றை வாசிப்பவர் எவரும் சின்னமனூர்ச் செப்பேடுகளைத் தாண்டிப் போக முடியாது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் தம் குலத்தின் பெருமைகளாக அவ்வரசர்கள் பதித்து வைத்தது அந்தச் செப்பேட்டில்தான். அது கிடைத்த ஊர் மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது எங்களில் ஒருவருடைய பல வருட ஆசை. ஆசை நிறைவேறியது. ஆனால் திரும்பி வரும்போது வண்டியின் பின்புறத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு தகரப் பெட்டி. இப்பதிவு அந்தப் பெட்டியைப் பற்றியது.

உத்தமபாளையம் சாலையில் பழைய சாமான் கடையொன்றில் பித்தளைக் குத்துவிளக்கு பார்க்க இறங்கினோம். விளக்கு சரிப்படவில்லை. மூலையில் கிடந்த பெட்டியைத் திறந்து பார்த்தவர் சத்தம் போட்டு எங்களை அழைத்தார். கருஞ்சிவப்பு வெல்வெட் கோட்டு, சம்கி தைத்த மார்க்கச்சைகள் இரண்டு, புஜங்களில் கட்டும் அணிகள், காகிதக்கூழில் செய்து பொன்தாள் ஒட்டிக் கண்ணாடிக் கல் பதித்த கிரீடம், வேடன் வேஷத்துக்கான பச்சைத் துணி. ஐயமே இல்லை, ஒரு ராஜபார்ட் நடிகரின் முழுச் சொத்து. கடைக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு சொன்னார். நாங்கள் ஆயிரத்து எண்ணூறில் முடித்தோம். "ஜரிகை எல்லாம் டூப்ளிகேட்டுண்ணே, உரசிப் பாத்தாச்சு. அசலா இருந்தா இந்நேரம் உருக்கியிருப்பாங்க" என்றார், நாங்கள் கேட்காமலே.

அந்த வாக்கியம் ஊர் வந்து சேரும் வரை எங்களை விடவில்லை. பழைய பட்டுப்புடவைகளை எடைக்கு வாங்கி, ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பவர்கள் தெருத்தெருவாக வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படியானால் அசல் ஜரிகை வைத்துத் தைத்த நாடக உடைகளுக்கும் அந்த வழிதான் காத்திருந்திருக்கும். போலி ஜரிகை என்பதால் மட்டுமே இந்தக் கோட்டு பிழைத்திருக்கிறது. நம் மேடை வரலாற்றில் எஞ்சியிருப்பது மலிவானவற்றின் வரலாறு மட்டும்தானோ என்று தோன்றிற்று.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் உடைகள் கம்பெனிக்குச் சொந்தம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையானாலும், நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவானாலும், பெட்டி பெட்டியாக உடைகளும் திரைச்சீலைகளும் கம்பெனியோடு ஊர் ஊராகப் போகும். கம்பெனி கலைந்தால் அவையும் சிதறிவிடும். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை இல்லை. அன்றிரவு மேடையில்தான் பலர் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாடமும் பாட்டும்தான். உடையும் ஒப்பனையும் அவரவர் பொறுப்பு. ஆகவே ராஜபார்ட்டின் தகரப் பெட்டி அவர் தொழிலின் மூலதனம். உழவனுக்கு ஏர் போல. இரவு பத்து மணிக்கு மேல் வள்ளி திருமணம் தொடங்கினால், முருகன் வேலனாகி, வேடனாகி, விருத்தனாகி முடிக்கும்போது விடிந்திருக்கும். அத்தனை வேஷமும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வர வேண்டும். இன்று அர்ச்சுனன், நாளை அரிச்சந்திரன், மறுநாள் கோவலன். மூவருக்கும் ஒரே வெல்வெட் கோட்டு.

இங்கே அறிஞர் பெருமக்கள் புருவம் உயர்த்துவார்கள். அரிச்சந்திரனுக்கு ஏது வெல்வெட், ஏது கோட்டு? நியாயமான கேள்வி. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டு சொன்ன பிறகு, பதினோராம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஆண்கள் எப்படி உடுத்தினார்கள் என்பது ரகசியமல்ல. இடையில் துணி, மேலே அணிகலன், மார்பு பெரும்பாலும் வெறுமை. ஆனால் மேடை அரசன் அந்த ஓவியத்துக்கு முன்பே வேறிடத்தில் உடை வாங்கிவிட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டுக்கு வந்த பார்ஸி நாடகக் கம்பெனிகள், 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் வண்ணப் படங்கள், மராட்டிய அரண்மனைகளும் ஜமீன்களும் வெள்ளைக்காரப் பட்டாளமும் கண்ணில் நிறுத்திய பகட்டு, இவையெல்லாம் சேர்ந்து தைத்த கோட்டு அது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் மின்ன வேண்டும் என்ற தேவையும் உண்டு. அங்கிருந்து அது சினிமாவுக்குப் போயிற்று. 1959இன் வீரபாண்டிய கட்டபொம்மனும் 1973இன் ராஜராஜ சோழனும் மேடையிலிருந்து திரைக்குப் போன நாடகங்கள். நம்மில் எத்தனை பேருக்கு 'அரசன்' என்றதும் ஓவியத்தின் வெறும் மார்பு நினைவுக்கு வருகிறது? வெல்வெட்தானே வருகிறது? ஆகவே இந்தக் கோட்டைப் 'பொய்ச் சரித்திரம்' என்று ஒதுக்குவது எங்களுக்கு உடன்பாடில்லை. அரிச்சந்திரனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அரிச்சந்திரனைத் தமிழர்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் எப்படிக் கண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

காகிதத்துக்கு நம்மிடம் ஓரளவு மரியாதை வந்துவிட்டது. சுவாமிகளின் நாடகங்கள் அச்சில் கிடைக்கின்றன. நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பத்திரமாக உள்ளன. துணிக்கு அந்த மரியாதை வரவில்லை. செப்பேட்டை உருக்கினால் பதறும் நாம், மகாபாரதத்தை ஊர் ஊராகத் தமிழ்ப்படுத்திக்கொண்டிருந்த ஒரு மனிதனின் கோட்டு எடைக்குப் போனால் பதறுவதில்லை. (படித்தவர்களைச் சொல்கிறோம். எங்களையும் சேர்த்துத்தான்.)

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. தியாகிலெவ் 1929இல் இறந்ததும் அவருடைய புகழ்பெற்ற ரஷ்ய பாலே குழு கலைந்தது. அதன் உடைகள் பல கை மாறிப் பாரிஸ் அருகே கிடங்கில் கிடந்தன. 1968 முதல் லண்டனில் சாத்பீஸ் நிறுவனம் அவற்றை ஏலம் விட்டது. 1973 ஏலத்தில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏராளமாக வாங்கிற்று. அப்போது அக்கலைக்கூடத்துக்குச் சொந்தக் கட்டடம்கூடத் திறக்கப்படவில்லை. வியர்வைக் கறை படிந்த அந்தத் துணிகள் இன்று அதன் பெருமைகளுள் ஒன்று. அவற்றை வரைந்தவர்களுள் மத்தீஸ் போன்றோர் இருந்தார்கள், உத்தமபாளையத்துத் தையற்காரர் மத்தீஸா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் எந்த உடை, எந்த நாட்டியத்துக்கு, யார் வரைந்தது என்ற விவரம் அங்கே துணியோடு சேர்ந்து வந்தது. எங்கள் பெட்டியில் அதுதான் இல்லை. அதை இல்லாமல் செய்ததில் எங்களுக்கும் பங்குண்டு என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம்.

கோட்டின் இடது மார்புப் பக்கம் உள்ளே ஒரு பை இருந்தது. அரச உடையில் உள்பை எதற்கு? எங்களில் ஒருவர் அருமையான கோட்பாடு ஒன்றை வகுத்தார். ஐரோப்பியப் பட்டாள உடையை மாதிரியாகக் கொண்டு தைத்ததால் அதன் பையும் கூடவே வந்துவிட்டது, காலனியத்தின் எச்சம், இத்யாதி. கட்டுரையாக எழுதவும் தயாராகிவிட்டார். நல்லவேளையாக, பேரம் பேசியது மனத்தை உறுத்தி, கடைக்காரர் மூலம் பெட்டியை விற்ற குடும்பத்தின் தொலைபேசி எண்ணைப் பெற்றோம். பேசியவர் நடிகரின் மகன். தந்தை காலமாகிவிட்டார், வீடு மாற்றும்போது வைக்க இடமில்லாமல் போட்டுவிட்டோம் என்றார். பையைப் பற்றிக் கேட்டோம்.

"அதுங்களா சார், அட்வான்ஸ் பணம் வைக்க. மேடைக்குப் பின்னாடி பெட்டிய யாரு பாத்துக்குவா? ராத்திரி பூரா ஒடம்போடயே இருக்கட்டும்னு அப்பாவே தச்சுக்கிட்டாரு."

கட்டுரை அதோடு கைவிடப்பட்டது. அந்த மகன் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் காலனியத்தின் எச்சம் எங்கேனும் அச்சேறியிருக்கும்.

எங்கள் கருத்து இதுதான். இத்தகைய பெட்டிகளை வாங்குகிறவர்கள் கடையில் வாங்காதீர்கள், வீட்டில் வாங்குங்கள். விலை இரட்டிப்பாகட்டும். யார் அணிந்தார், எந்த வேஷத்துக்கு, எங்கே தைத்தது, எத்தனை முறை ஒட்டுப் போட்டது என்று அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். மாவட்ட அருங்காட்சியகங்கள் நடுகல்லுக்கும் நாணயத்துக்கும் பக்கத்தில் ஒரு ராஜபார்ட் பெட்டிக்கு இடம் ஒதுக்கலாம். உடை நடிக்கத்தான், கண்ணாடிக்குள் வைக்க அல்ல என்பார்கள். நடித்துக்கொண்டிருப்பவர்களின் பெட்டியை யாரும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லாமல் போனவற்றைப் பற்றித்தான் பேச்சு.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெல்வெட்டுக்கு இஸ்திரி போடாதீர்கள். துவைக்கவே கூடாது. கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள். வசம்பைத் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம்.

மகனுக்குப் பேரத்தில் குறைத்த எழுநூறைத் தருவதாகச் சொன்னோம். வேண்டாம் என்றார். "கோட்ட வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் அப்போது பதில் இல்லை. கிரீடத்தை வேண்டுமானால் திருப்பித் தர முடியுமா என்று சற்றுத் தயங்கிக் கேட்டார். பேத்திக்குக் காட்ட வேண்டுமாம். அடுத்த ஞாயிறு எங்களில் இருவர் தேனிப் பேருந்தில் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் போகிறது.