‘தற்காலிகம்’ என்று சொல்லும் நேர்மை

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்திருக்கும். அதனால், பல வீடுகளில் குளிரூட்டி அன்றாடத் தேவையாகிவிட்டது. அது பழுதடைந்தால், “எப்போது சரியாகும்?” என்றுதான் வீட்டார் முதலில் கேட்கிறார்கள். “எதனால் பழுதடைந்தது?” என்று கேட்பவர்கள் குறைவு. இந்த அவசரம்தான் தற்காலிகப் பழுதுபார்ப்புக்கு வழிவிடுகிறது. அப்படிப் பழுதுபார்ப்பது சரியா, தவறா?

தற்காலிகம் என்பதாலேயே ஒரு வேலை தவறாகிவிடாது. சனிக்கிழமை இரவு, குளிரூட்டியிலிருந்து நீர் வடியும் குழாயில் விரிசல் ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுக் குழாய் கைவசம் இல்லை. வீட்டிலோ நோயுற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். அந்த நேரத்தில், பழுதுபார்ப்பவர் விரிசலின்மேல் நாடாவைச் சுற்றிக் கசிவை நிறுத்துவது பாராட்டத்தக்க உதவியே. அது முதலுதவியைப் போன்றது. முதலுதவி செய்வது குற்றமன்று. முதலுதவியையே முழுச் சிகிச்சை என்று சொல்லி நோயாளியை அனுப்பிவைப்பதுதான் குற்றம்.

குளிரூட்டிக்கு வாயு நிரப்பும் வேலையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பேச்சுவழக்கில் ‘கேஸ்’ எனப்படும் குளிர்பதன வாயு, காரில் ஊற்றும் பெட்ரோலைப் போன்றது அன்று. அது எரிந்து தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் மீண்டும் மீண்டும் சுற்றிவந்து, அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுசேர்க்கிறது. ஆகவே, முறையாகப் பொருத்தப்பட்ட கருவியில் பின்னர் வாயு குறைந்தால், எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால், அறை சில காலம் குளிரும். பிறகு பழைய தொல்லை மீண்டும் தலைதூக்கும். இடைப்பட்ட காலத்தில், குறைந்த வாயுவுடன் இயங்கும் கம்ப்ரசர் அதிகமாகச் சூடாகும், நீண்ட நேரம் ஓடும், மின்கட்டணமும் உயரும்.

கசிவு இருப்பதை அறிந்த பழுதுபார்ப்பவர், “கேஸ் குறைந்திருந்தது, நிரப்பிவிட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால், உண்மையில் பாதியை மறைத்துவிட்டார். மீதிப் பாதி தெரியாத வாடிக்கையாளர், சில மாதங்களுக்குப் பின் அதே வேலைக்கு மீண்டும் பணம் கொடுப்பார். ஒருவருக்கு உள்ள தொழில் அறிவு, மற்றவருடைய அறியாமையிலிருந்து பணம் ஈட்டும் கருவியாக மாறக்கூடாது.

பழுதுபார்ப்பவர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் அவர்கள் பல வீடுகளுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. சுவருக்குள்ளும் மூடிகளுக்குள்ளும் செல்லும் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிப்பது எளிதன்று. “அதெல்லாம் வேண்டாம், இப்போதைக்குக் குளிர்ந்தால் போதும்” என்று வற்புறுத்தும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். கருவி மிகப் பழையதாக இருந்தால், கசிவைச் சரிசெய்யும் செலவைவிடப் புதிய கருவி வாங்குவதே மேலாகவும் இருக்கலாம். இவை நியாயமான காரணங்களே. எனினும், இவற்றை எடுத்துச் சொல்லாமல் இருப்பதற்கு இவை காரணம் ஆகமாட்டா. எந்த வழி என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வாடிக்கையாளர். முடிவெடுக்கத் தேவையான விவரத்தைத் தரவேண்டியவர் பழுதுபார்ப்பவர்.

அப்படியானால், வாடிக்கையாளர் சம்மதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. கசியும் வாயு அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. பழைய குளிரூட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-410ஏ என்னும் வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 2,000 மடங்கு புவியை வெப்பமாக்கவல்லது. இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டைக் குறைக்க, உலக நாடுகள் 2016ஆம் ஆண்டில் ருவாண்டாவின் கிகாலி நகரில் ஓர் உடன்பாடு கண்டன. சிங்கப்பூரிலும், புவியை வெப்பமாக்கும் திறன் 750ஐத் தாண்டும் வாயுவைப் பயன்படுத்தும் வீட்டுக் குளிரூட்டிகளை விநியோகிப்பதற்கு, 2022 அக்டோபர் முதல் தடை நடப்பில் உள்ளது. ஆயினும், முன்பு வாங்கிய கருவிகள் இன்னும் வீடுகளில் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவசரத்திற்கு ஒருமுறை வாயு நிரப்புவதை ஏற்கலாம். கசிகிறது என்று தெரிந்தே மீண்டும் மீண்டும் நிரப்புவதை ஏற்க முடியாது. அதனால் வரும் பாதிப்பைச் சுமக்கப்போகிறவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

யார் சம்மதித்தாலும் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. மின்சுற்று அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்பதற்காக, கம்பி தாங்கக்கூடிய அளவைவிடப் பெரிய துண்டிப்பானைப் பொருத்துவது அவற்றுள் ஒன்று. அதனால் தொல்லை நின்றதுபோல் தோன்றும். ஆனால், கம்பி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். அடுக்குமாடி வீட்டில் தீப்பற்றினால், அண்டை வீட்டாரும் ஆபத்துக்கு உள்ளாவார்கள். பாதுகாப்புக்காக வைத்த ஒன்றைச் செயலிழக்கச் செய்வது பழுதுபார்ப்பு ஆகாது. அது பழுதை மறைப்பதாகும்.

ஆகவே, தற்காலிகப் பழுதுபார்ப்பு நேர்மையானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, அது யாருக்கும் ஆபத்தை விளைவிக்கக்கூடாது. இரண்டாவது, ‘இது தற்காலிகம்’ என்பதைப் பழுதுபார்ப்பவர் வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதித் தர வேண்டும். மூன்றாவது, நிரந்தர வேலையை எப்போது செய்வது என்று நாள் குறிக்க வேண்டும். நாள் குறிக்காத தற்காலிகம் நாளடைவில் நிரந்தரமாகிவிடும்.

இந்தப் பொறுப்பில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. “எவ்வளவு ஆகும்?” என்று கேட்பதோடு, “எதனால் இப்படி ஆயிற்று? இது எத்தனை நாளுக்குத் தாங்கும்?” என்றும் கேட்க வேண்டும். உண்மையைச் சொல்லிக் கூடுதல் செலவாகும் என்று எச்சரிப்பவரை விலக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் குறைந்த விலைக்குச் செய்பவரையே நாடிச் சென்றால், நேர்மையானவர்கள் தொழிலில் நிலைக்க முடியாது. நேர்மையான வேலையை எதிர்பார்ப்பவர்கள், அந்த வேலைக்கு உரிய விலையைக் கொடுக்கவும் முன்வர வேண்டும்.