யார் வீடு இடிந்தால் என்ன?

"பழைய சுவரைக் கட்டிக்கொண்டு அழுதால் வயிறு நிறையுமா?" என்று கேட்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். கேட்கிறவருக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்பதுதான் இதில் விசேஷம். பட்டினி கிடக்கிறவன் யாரும் வீட்டை இடிக்கச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவனுக்கு ஒண்டிக்கொள்ள ஒரு சுவராவது வேண்டும். இடிக்கச் சொல்கிறவருக்கு அந்த மனையின் மேல் வேறு கணக்கு இருக்கிறது.

நைஜீரியாவில் லாகோஸ் நகரத்து டினூபு சதுக்கத்தில் 'இலோஜோ பார்' என்று ஒரு வீடு இருந்தது. 1855-இல் பெர்னாண்டஸ் என்ற குடும்பத்தார் கட்டிய வீடு. வளைவு வளைவாக ஜன்னல்கள், இரும்புக் கிராதிகள். ஒரு காலத்தில் சாப்பாட்டு விடுதியும் மதுக்கடையுமாக இருந்ததால் அந்தப் பெயர். 1933-இல் வேறொரு குடும்பத்தார் அதை விலைக்கு வாங்கினார்கள். 1956-இல், வெள்ளைக்காரர் ஆட்சி முடிய இன்னும் நாலு வருஷம் இருந்தபோது, அது தேசியச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டது. அறுபது வருஷம் சட்டத்தின் நிழலில் நின்ற அந்த வீட்டை 2016 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. தடுக்க வருகிற அதிகாரியும் வீட்டில் இருப்பார். காரியம் தெரிந்தவர்கள் பார்த்த நாள்!

"வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம்தானே, போகட்டும்" என்று ஒரு சமாதானம் உண்டு. கேட்கத் தேசபக்தி மாதிரி இருக்கும். சரித்திரம் தெரியாத தேசபக்தி. லாகோஸ் தீவின் நடுவிலே பிரேசில் பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. யொரூபா நாட்டிலிருந்து சங்கிலி போட்டு, கப்பலில் ஏற்றி, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அக்கரையில் பிரேசிலில் விற்கப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் கட்டியது. 1835-இல் பாஹியாவில் அடிமைகள் கலகம் செய்து தோற்றார்கள். அதன் பிறகு பலரை நாடு கடத்தினார்கள். விடுதலையை விலை கொடுத்து வாங்கிய வேறு பலர் தாங்களாகவே கப்பலேறினார்கள். போனபோது வெறுங்கை. திரும்பியபோது கையில் தொழில் இருந்தது: கொத்து வேலை, தச்சு வேலை, தையல். எஜமானனுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி மாடி வீட்டைத் தங்களுக்கென்று ஒருதரம் கட்டிப் பார்த்தார்கள். நடுவே நடை, இரண்டு பக்கமும் அறைகள், வாசலுக்கு மேல் வர்ணக் கண்ணாடி, ஜன்னலைச் சுற்றிச் சுண்ணாம்புப் பூவேலை. அந்தப் பூவேலையைக் காலனி ஆட்சியின் சின்னம் என்று சொல்ல மனசு வருமா?

இன்னொன்று சொல்கிறேன். 1894-இல் திறந்த ஷிட்டா-பே மசூதியைக் கட்டிய மேஸ்திரி ஜோவாவ் பாப்டிஸ்டா ட கோஸ்டா. பெயரிலேயே ஞானஸ்நானம் இருக்கிறது, பாருங்கள். பிரேசிலிலிருந்து வந்த அந்த வம்சத்தார் மாதா கோவிலும் கட்டினார்கள், மசூதியும் கட்டினார்கள். இரண்டிலும் அதே கைவேலைதான். மதக் கலவரம் என்றால் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதுகிறோம். இதைச் சாட்சி சொல்லச் சுவர் ஒன்றுதான் மிச்சம்.

ககாவா தெருவில் 'தண்ணீர் வீடு' என்று ஒன்று உண்டு. பத்து வயது வாக்கில் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, பெரியவனாகத் திரும்பி வந்த ஜோவாவ் இஸான் ட ரோஷா கட்டியது. குடிதண்ணீருக்கு ஊரே தவித்த காலத்தில் அந்த வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் விற்றார்கள். அதனால் அந்தப் பெயர். லாகோஸில் உத்தியோகம் பார்த்த அண்டோனியோ ஒலிண்டோ என்ற பிரேசில் எழுத்தாளர் அந்த வீட்டின் பெயரை வைத்தே 1969-இல் ஒரு நாவல் வெளியிட்டார். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும்: வெறும் மனையைப் பார்த்து யாரும் நாவல் எழுதுவதில்லை.

அடுத்த சமாதானம் சுகாதாரம். சந்து பொந்து, சாக்கடை, நெரிசல், ஆகவே இடி. இந்தப் பாட்டும் புதிதல்ல. பிளேக் நோய் வந்ததை முன்னிட்டு 1928-இல் லாகோஸ் அபிவிருத்திக்கு என்று ஒரு சபை ஏற்படுத்தினார்கள். அந்தச் சபை 1955-இல் நடு லாகோஸில் சுமார் 70 ஏக்கரைச் சுத்தம் செய்யப் புறப்பட்டது. வீடு இழந்தவர்களில் ஒரு பகுதியினரை ஊருக்கு வெளியே சூரூலேரேயில் வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். நல்ல வீடுகள்தான், குழாய் உண்டு, காற்று உண்டு. பீட்டர் மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு இடத்து ஜனங்களையும் விசாரித்து 1961-இல் ஒரு புத்தகம் எழுதினார். தெருவோடு வாடிக்கைக்காரர்கள் போய்விட்டதால் வியாபாரம் படுத்துவிட்டது. வாடகையும் பஸ் கட்டணமும் கழுத்தைப் பிடித்தன. ஒரே முற்றத்தில் இருந்த அண்ணன் தம்பிகளும் வயதான தாயாரும் திக்குக்கு ஒருவராகப் போனார்கள். சாக்கடையைச் சரிப்படுத்தியிருக்கலாமே என்று அந்தச் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். சாக்கடை வெட்டினால் மனை கைக்கு வராது.

1990 ஜூலையில் மரோகோ என்ற கடலோரக் குடியிருப்பை ராணுவ ஆட்சி தரைமட்டமாக்கியது. சுமார் மூன்று லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். தாழ்ந்த நிலம், வெள்ளம் வரும் என்று காரணம் சொன்னார்கள். பின்னால் அங்கே பணக்காரர்கள் மாளிகை கட்டிக்கொண்டார்கள். பணக்காரர் வீட்டுக்குள் கடல் வராது போலிருக்கிறது! பூவேலை செய்த மாடி வீட்டுக்காகக் கண்ணீர் விடுகிறவர் தகரக் கூரைக்காகவும் ஒரு சொட்டு விடவேண்டும். மரோகோவில் பிறந்தவனுக்கு இன்று தன் வீடு இருந்த இடத்தைக் காட்ட ஓர் அடையாளமும் இல்லை.

இலோஜோ பாருக்கே திரும்புவோம். குடும்பத்தாரைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. யொரூபா வழக்கப்படி, வீட்டைச் சம்பாதித்தவர் கண்ணை மூடினால் அது குடும்பச் சொத்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. முக்கியமானவர்கள் சம்மதிக்காமல் விற்க முடியாது. முற்காலத்தில் மூதாதையரை வீட்டுக்குள்ளேயே புதைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஜனங்களுக்கு வீட்டின் அருமையை நாம் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆனால் மூன்றாவது தலைமுறையில் பங்காளிகள் பெருகிவிடுகிறார்கள். அறைகளைப் பங்கு போட முடியாது, பணத்தைப் போடலாம். சுற்றிலும் கடைவீதி நெருக்குகிறது, மனை விலை ஏறுகிறது, கூரை ஒழுகுகிறது. இந்த நிலையில் சர்க்கார் வந்து, "இது தேசத்தின் சொத்து, ஆணி அடிக்காதே" என்று பலகை மாட்டினால் போதுமா? தேசத்தின் சொத்து என்றால் தேசம் ஓடு மாற்றவேண்டும். பெருமை தேசத்துக்கு, ஒழுக்கு குடும்பத்துக்கு என்பது என்ன நியாயம்? அறுபது வருஷத்தில் ஒருதரம் நியாயமான விலை கொடுத்து வீட்டை வாங்கியிருக்கலாம். வாடகையாவது கொடுத்திருக்கலாம்.

பணமில்லை என்று சொல்ல வேண்டாம். அதே ஊரில், பழைய பிராட் தெருச் சிறைச்சாலை இருந்த இடத்தை 2010-இல் அழகான பூங்காவாக்கினார்கள். கொட்டடிகள் இருந்த வரிசையைக்கூட அழியாமல் காட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிறை இங்கிலீஷ்காரன் பூட்டி வைத்த இடம்; பெர்னாண்டஸ் வீடு, பூட்டு உடைந்து வந்தவர்கள் வாழ்ந்த பேட்டையின் வீடு. முன்னதற்கு வழி கண்டவர்களுக்குப் பின்னதற்கு வழி தெரியாமல் போய்விட்டதா?

"அதே மாதிரி மறுபடி கட்டிவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள் சிலர். சிமெண்டும் கம்பியும் வாங்கி, போட்டோவைப் பார்த்து, வளைவையும் பூவையும் அச்சில் வார்க்கலாம். வெளியூர்க்காரர் வந்து படம் பிடித்துக்கொள்ளவும் செய்வார். ஆனால் அந்தச் சுண்ணாம்பில் விரல் பதித்த கொத்தன் ஒரு காலத்தில் இன்னொருவனுடைய சொத்தாக இருந்தவன். பாஹியாவில் கற்ற வேலையைக் கூலிக்காரனாக, தன் இஷ்டத்தில், லாகோஸில் செய்தான். அவனுடைய விரல் அடையாளம் எந்த அச்சில் இருக்கிறது?

பிரேசில் பேட்டையில் டோகுன்போ தெரு என்று ஒரு தெரு. அக்கரையிலிருந்து திரும்பி வந்தவர் என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். இப்போது லாகோஸ்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பழைய மோட்டார்களைத்தான் டோகுன்போ என்கிறார்கள்.