இலங்கையின் உள்ளூராட்சிச் சீர்திருத்தங்கள்

இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூவகைப்படும். 2018 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது 24 மாநகர சபைகள், 41 நகர சபைகள், 276 பிரதேச சபைகள் என மொத்தம் 341 மன்றங்கள் இருந்தன. உள்ளூர் வீதிகள், கழிவகற்றல், சந்தைகள், நூலகங்கள், மயானங்கள் முதலியன இவற்றின் பொறுப்புக்கள் ஆகும்.

வரலாறு

முன்னர் இயங்கிவந்த கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்தி சபைகள் அமைக்கப்பட்டன. ஒரு மாவட்டம் முழுமைக்கும் ஒரே சபை என்பதால் ஊர்மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே தொலைவு கூடியது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. அதே ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மேற்பார்வையை மாகாண சபைகளுக்கு வழங்கியது. எனினும் மன்றங்களின் வடிவமும் கட்டமைப்பும் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

தேர்தல் முறை மாற்றம்

விகிதாசார முறையில் தம் பகுதிக்கெனத் தனி உறுப்பினர் இல்லை என்பது வாக்காளர்களின் நெடுநாள் குறையாக இருந்தது. இதனைத் தீர்க்க 60 சதவீத உறுப்பினர்களை வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினரை விகிதாசாரப்படியும் தெரிவு செய்யும் கலப்பு முறை கொண்டுவரப்பட்டது. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் சேர்க்கப்பட்டது.

வட்டார முறைக்குப் புதிய எல்லைகள் தேவைப்பட்டன. எல்லை நிர்ணயம் குறித்து முறைப்பாடுகள் எழுந்தமையால் பணி நீண்டது. பெரும்பாலான மன்றங்களின் பதவிக்காலம் 2015 இல் முடிந்தும், தேர்தல் 2018 பெப்ரவரி 10 அன்றே நடைபெற்றது. சுமார் 2 சதவீதமாக இருந்த பெண் உறுப்பினர்களின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. மறுபுறம், மொத்த உறுப்பினர் தொகை ஏறக்குறைய இரு மடங்காகியது. பல சபைகளில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை.

அடுத்த தேர்தல் 2023 மார்ச்சில் நிதியின்மையைக் காரணங்காட்டி நடத்தப்படவில்லை. இது குடிமக்களின் அடிப்படை உரிமைகளை மீறிய செயல் என நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2024 ஆகத்தில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 அன்று நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுகளில் மக்கள் வரி செலுத்தினர். அதன் செலவினத்தைக் கேள்வி கேட்க அவர்களுக்கு உறுப்பினர்கள் இருக்கவில்லை.

தமிழ்நாட்டுடன் ஒப்பீடு

இந்திய அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம், ஊராட்சிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. ஆயினும் 2016 இல் நடக்கவிருந்த தமிழ்நாட்டு ஊரகத் தேர்தல் 2019 திசம்பரில்தான் 27 மாவட்டங்களில் நடைபெற்றது. கடலூர் மாவட்டம் இவற்றுள் அடங்கியதால் காடாம்புலியூர் போன்ற ஊராட்சிகள் மன்றங்களைப் பெற்றன. அருகிலுள்ள விழுப்புரம் மாவட்டமோ பிரிக்கப்பட்டு கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானமையால், அங்குள்ள ஊர்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. கடலூர் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 சனவரி 5 அன்று தேர்தலின்றி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

இவ்விரு நிலப்பகுதிகளின் அனுபவமும் ஒன்றையே காட்டுகிறது. எல்லைகளைத் திருத்துவது தேவையான பணியே. ஆனால் அது பதவிக்காலத்துக்குள் முடிக்கப்படாவிடில், மக்களுக்கு நெருக்கமான ஆட்சியை உருவாக்க எடுக்கப்படும் முயற்சியே அவ்வாட்சியை இல்லாமற் செய்துவிடுகிறது.